மதினி பேரில் வாங்காத கடன்

பாம்பன் தெற்குவாடியில் என் மதினி கருவாட்டு வியாபாரம் செய்கிறார். அண்ணன் கரைக்குக் கொண்டுவருவது போக, ஏலத்திலும் நெத்திலி, காரல் எடுத்துக் காயவைத்துச் சந்தைக்கு அனுப்புவார். மழைக்கு முன்னால் சரக்குச் சேர்த்து வைக்க வங்கியில் கடன் கேட்டார். மகளிர் குழுவில் ஒரு தவணைகூடத் தவறாதவர், கிடைத்துவிடும் என்றுதான் இருந்தோம். மேலாளர் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, “உங்க பேர்ல ஏற்கெனவே ஒரு கடன் கட்டாம நிக்குதும்மா” என்றார். மொபைல் செயலி வழியாக வாங்கிய கடனாம். மதினி அப்படி எதுவும் வாங்கவில்லை.

முதலில், யார் பேரில் என்னென்ன கடன், ஒழுங்காகக் கட்டினார்களா என்று காட்டும் கடன் அறிக்கையை எடுத்தோம். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க் ஆகிய நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. மதிப்பெண்ணை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். தொடர்பு விவரம் என்ற பகுதியில்தான் எங்களுக்குத் துப்பு கிடைத்தது. மதினியின் எண்ணுக்குக் கீழே யாருடையது என்றே தெரியாத ஒரு மொபைல் எண், கூடவே ஒரு மின்னஞ்சல். மதினிக்கு மின்னஞ்சலே கிடையாது. கடன் தந்த தேதியைப் படித்துச் சொன்னதும், “தம்பி, அது சங்குக்காரங்க வந்த வாரம்ல” என்றார்.

ஆடி மாதத்தில் இரண்டு பேர் வீடு வீடாக வந்து வலம்புரிச் சங்கு விற்றிருக்கிறார்கள். பூஜை அறையில் வைத்தால் லட்சுமி தங்குவாள், ஆனால் வாங்குபவர் பேரில் குபேர பூஜை செய்து கொடுத்தால்தான் பலிக்கும் என்று பேச்சு. சங்கல்பத்துக்குப் பெயர், நட்சத்திரம் கேட்டார்கள். அதோடு ஆதார் அட்டையைப் படம் எடுத்தார்கள். மொபைலை முகத்துக்கு நேரே பிடித்து, “கண்ணைச் சிமிட்டுங்கம்மா, தலையை லேசாத் திருப்புங்க” என்று வீடியோ எடுத்தார்கள். பூஜை பதிவாகிவிட்டது, எண் வந்திருக்கும், சொல்லுங்கள் என்று ஓடிபியும் வாங்கிக்கொண்டார்கள். ஆளை நேரில் பார்க்காமலே கணக்குத் திறக்கவும் கடன் கொடுக்கவும் கேட்கிற எல்லாமே இதில் முடிந்துவிடுகிறது.

மதினியை யாரும் குறை சொல்ல நான் விடமாட்டேன். விளக்கு வைத்த பிறகு உப்பும் பணமும் வெளியே கொடுக்க மாட்டார், வெள்ளிக்கிழமை கல் உப்பு வாங்குவார், முதல் போணிக் காசைக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். கடலை நம்பிப் பிழைக்கிற வீட்டில் நாளைய வரவு யார் கையிலும் இல்லை. அந்தப் பழக்கங்களால் யாருக்கும் கெடுதல் வந்ததில்லை. ஆனால் ஆதார் எண் கேட்கிற பூஜை என்று எதுவும் கிடையாது. எந்தச் சாமிக்கும் ஓடிபி வேண்டாம்.

சங்கைக் கீழக்கரையில் அந்தக் காலத்தில் சங்கு குளித்த பெரியவர் ஒருவரிடம் காட்டினோம். வாய்க்குள் விரலை விட்டுத் தடவிவிட்டு, “நம்ம சங்குன்னா உள்தண்டுல மூணு நாலு மடிப்பு வரிவரியாத் தட்டுப்படும். இதுல ஒண்ணுதான் இருக்கு” என்றார். மன்னார் வளைகுடாச் சங்கில் வலம்புரி என்பது மிக மிக அரிது. அமெரிக்கக் கரையோரம் கிடைக்கும் வேறொரு இனம் இயல்பிலேயே அந்தப் பக்கம் சுழலும், அதைத்தான் வலம்புரி என்று விற்கிறார்கள்.

சரி, அப்புறம் செய்தது. சைபர் மோசடிக்கான உதவி எண் 1930-க்கு அழைத்து, தேசிய சைபர் கிரைம் இணையதளத்திலும் புகார் பதிந்தோம். அந்த ஒப்புகை எண்ணோடு ராமநாதபுரத்தில் மாவட்ட சைபர் கிரைம் போலீசிடம் மனு கொடுத்து, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கினோம். அடுத்தவர் அடையாளத்தைத் திருடிப் பயன்படுத்துவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66சி பிரிவில் வருகிறது, மூன்றாண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. மனுவில் அந்தப் பிரிவைக் குறிப்பிட்டோம். இந்த ரசீது இல்லாமல் கடன் நிறுவனம் காது கொடுத்துக் கேட்காது.

தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் மதினி பேரில் உள்ள சிம்களைப் பார்த்தோம். ஒன்று அவருடையது இல்லை. ‘என் எண் அல்ல’ என்று குறித்து அனுப்பினோம். எம்ஆதார் செயலியில் கைரேகையைப் பூட்டினோம். ரேஷன் கடையில் ரேகை வைக்கும் நாளில் மட்டும் தற்காலிகமாகத் திறந்துகொள்ளலாம், பயப்பட வேண்டியதில்லை. ஆதார் எங்கெல்லாம் சரிபார்க்கப்பட்டது என்ற வரலாறும் அதிலேயே இருக்கிறது, ஆனால் ஆறு மாதம்தான் கிடைக்கும். சந்தேகம் வந்த அன்றே எடுத்து வைத்துவிடுங்கள்.

கஷ்டமான பகுதி கடன் நிறுவனம்தான். வசூல் ஆட்கள் தினமும் அழைத்தார்கள். வட்டியைத் தள்ளிவிடுகிறோம், கொஞ்சம் கட்டி முடித்துக்கொள்ளுங்கள் என்றார்கள். அதே நேரத்தில் வீட்டிலும் ஒரு யோசனை வந்தது. செவ்வாய்க்கிழமை அசுவினியோ அனுஷமோ கூடிவரும் மைத்ர முகூர்த்தத்தில் கடனில் சிறு பங்கைக் கட்டினால் மொத்தமும் சீக்கிரம் அடையும் என்பது நம் பக்கம் பலரும் நம்புவது. அத்தை நாள் குறித்துக்கொண்டு, ஐந்நூறு ரூபாயாவது கட்டிவிடச் சொன்னார். மதினிக்கும் மனசு இளகிவிட்டது. நான் பிடிவாதமாகத் தடுத்தேன். நாம் வாங்கிய கடன் என்றால் அந்த நேரத்தில் தாராளமாகக் கட்டலாம். வாங்காத கடனுக்கு ஒரு ரூபாய் கட்டினாலும், கடனை ஒப்புக்கொண்டுதானே கட்டினீர்கள் என்று கேட்பார்கள். பேசி முடித்தாலும் அறிக்கையில் ‘செட்டில்டு’ என்று விழும். அதுவும் கறைதான். அடுத்த வங்கியும் அதைப் பார்த்துத் தயங்கும்.

அதனால் கடன் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத்தில் மூன்று கேள்வி கேட்டோம். கடன் ஒப்பந்தம் எங்கே? அடையாளச் சான்றாக எதை வாங்கினீர்கள்? பணம் எந்த வங்கிக் கணக்குக்குப் போனது? மூன்றாவது கேள்விதான் முடிச்சை அவிழ்த்தது. பணம் போன கணக்கு மதினி பேரில்தான் இருந்தது, ஆனால் மதினி கேள்விப்படாத வங்கியில், அந்த அறிமுகமில்லாத மொபைல் எண்ணோடு. அந்த வங்கிக்கும் போலீசுக்கும் உடனே எழுதி, கணக்கை முடக்க வைத்தோம்.

முப்பது நாளில் சரியான பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இணையத்தில் இலவசமாகவே புகார் செய்யலாம். சந்தேகம் கேட்க 14448 இருக்கிறது. அங்கே புகார் ஏறிய பிறகுதான் நிறுவனத்தின் குரல் மாறியது. பாக்கி இல்லை என்று ஒரு கடிதம் அனுப்பினார்கள். அதை ஏற்கவில்லை, ஏனென்றால் அது வாங்கிய கடன் முடிந்தது என்றுதான் சொல்கிறது. மோசடிக் கடன், இவர் வாங்கவில்லை, பதிவை நீக்குகிறோம் என்று இருக்க வேண்டும் எனத் திருப்பி எழுதி, அப்படியே வாங்கினோம்.

அறிக்கையில் உள்ள தவறைத் திருத்தக் கேட்டால் முப்பது நாளில் முடிக்க வேண்டும், தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்று ரிசர்வ் வங்கி விதி வைத்திருக்கிறது. வங்கி பார்த்த அறிக்கையில் பதிவு போய்விட்டது, மதினிக்கும் கடன் கிடைத்தது. ஆனால் வேறொரு கடன் தகவல் நிறுவனத்தின் அறிக்கையில் அது அப்படியே நிற்கிறது. நான்குக்கும் தனித்தனியாக எழுத வேண்டும், ஒன்றில் நீக்கினால் மற்றதில் தானாகப் போகும் என்று இருந்துவிடாதீர்கள். நாங்கள் அந்தக் கடிதத்தின் நகலை வைத்து இப்போது அடுத்த புகாரைப் பதிந்திருக்கிறோம்.