பைத்தான் லைப்ரரி டெபியனுக்குள்ள எப்படி போகுது

டெபியன்ங்கற லினக்ஸ் ஆபரேட்டிங் சிஸ்டத்தோட 12-வது வெர்ஷன் வந்ததுலேருந்து, அதாவது 2023 ஜூன்லேருந்து, சிஸ்டம் பைத்தான்ல லைப்ரரி போட நேரா பிப் இன்ஸ்டால் அடிச்சா எரர் காட்டி நிறுத்திடுது. நிறைய பேர் கடுப்பாகி பிரேக்-சிஸ்டம்-பேக்கேஜஸ் ஆப்ஷன போட்டு தாண்டிப் போயிடறாங்க. ஆனா அந்த மெசேஜ படிச்சா, டெபியனோட சொந்த பேக்கேஜ் இன்ஸ்டாலரான ஆப்ட்ல பைத்தான்3-ன்னு ஆரம்பிக்கிற பேக்கேஜ் இருக்கா பாருன்னு தான் முதல்ல சொல்லுது. அந்த பேக்கேஜ் அங்க எப்படி வந்துச்சு, பின்னாடி எவ்வளவு வேலை இருக்குன்னு எழுதணும்னு ரொம்ப நாளா ஆசை.

முதல்ல இத நான் பேக்கேஜ் பண்ணப் போறேன்னு டெபியன் பக் டிராக்கர்ல ஐடிபி (இன்டென்ட் டு பேக்கேஜ்) பக் ஒண்ணு போடணும், ரெண்டு பேர் ஒரே வேலைய செய்யாம இருக்க. அப்புறம் சோர்ஸுக்குள்ள டெபியன்னு ஒரு ஃபோல்டர், அதுல கண்ட்ரோல், ரூல்ஸ், சேஞ்ச்லாக், காப்பிரைட். ரூல்ஸ் ஒரு காலத்துல பெரிய மேக்ஃபைலா இருக்கும், இப்போ டெப்ஹெல்பர், பைபில்டுங்கற பில்ட் டூல்கள் பாத்துக்குறதால நாலு வரில முடிஞ்சுடும்.

உண்மையான வேலை காப்பிரைட் ஃபைல்ல தான். சோர்ஸ்ல இருக்குற ஒவ்வொரு ஃபைலும் யாரோடது, என்ன லைசென்ஸ்னு பாத்து எழுதணும், பைத்தான் லைப்ரரிகள் கிடைக்கிற பைபிஐ சைட்ல எம்ஐடி லைசென்ஸ்னு போட்டிருக்கேன்னு விட முடியாது, ஏன்னா உள்ள தோண்டினா டாக்குமெண்டேஷன் ஃபோல்டர்ல மினிஃபை பண்ணின, அதாவது சுருக்கின, ஜாவாஸ்கிரிப்ட் இருக்கும் அதோட சோர்ஸ் இருக்காது, எங்கேருந்தோ எடுத்த ஃபாண்ட் இருக்கும், டெஸ்ட்டுக்கு சாம்பிளா, இன்டர்நெட் ஸ்டாண்டர்ட எழுதி வச்ச ஒரு ஆர்எஃப்சி டாக்குமெண்ட் கிடக்கும். இன்டர்நெட்டே ஆர்எஃப்சி மேல தான் ஓடுது, ஆனா அத மாத்தி எழுதி வெளியிட அனுமதி இல்லாததால டெபியன் கணக்குல அது ஃப்ரீ இல்ல. எது ஃப்ரீ சாஃப்ட்வேர்னு சொல்ற, 1997ல போட்ட டிஎஃப்எஸ்ஜி விதி அது. அதையெல்லாம் எடுத்துட்டு டார்பால, அதாவது சோர்ஸ் ஆர்கைவ, திரும்பக் கட்டணும், வெர்ஷன் நம்பர் பின்னாடி பிளஸ் டிஎஃப்எஸ்ஜின்னு சில பேக்கேஜ்ல பாத்திருப்பீங்களே, அது இதுக்குத்தான். சலிப்பான வேலைன்னு சொல்றவங்க உண்டு, எனக்கு இது தான் டெபியனோட உயிர். வேற எங்கயும் ஒரு மனுஷன் இப்படி உக்காந்து ஃபைல் ஃபைலா படிக்கிறது ரொம்ப அபூர்வம்.

அடுத்தது, பில்ட் நடக்கும்போது நெட்வொர்க் கூடாது. டிபென்டென்சி எல்லாம் டெபியன்லயே இருக்கணும், இல்லன்னா முதல்ல அத பேக்கேஜ் பண்ணணும், அதுக்குள்ள இன்னொண்ணு இருக்கும், இப்படி போயிட்டே இருக்கும். ஏதோ வெப்சைட்ட தொடுற டெஸ்ட் இருந்தா பேட்ச் போட்டு ஸ்கிப் பண்ணணும். அந்த பேட்ச அப்ஸ்ட்ரீமுக்கும், அதாவது லைப்ரரிய எழுதினவங்களுக்கும், அனுப்புங்க, நம்மகிட்டயே வச்சுக்கிட்டா ஒவ்வொரு ரிலீஸுக்கும் நாம தான் சுமக்கணும்.

பேக்கேஜ்ல தப்பு கண்டுபிடிக்கிற லிண்டியன் டூல ஓட்டி சுத்தம் பண்ணினதும், அப்லோட் உரிமை இல்லாதவங்க உரிமை இருக்குற ஒருத்தர ஸ்பான்சரா பிடிக்கணும். அவர் பாத்து ஏத்தினா புது பேக்கேஜ்கள் காத்திருக்குற நியூ க்யூல நிக்கும், டெபியன் ஆர்கைவ பாத்துக்குற எஃப்டிபி டீம் லைசென்ஸ திரும்பவும் பாப்பாங்க, சில நாள்லயும் வரலாம் மாசக் கணக்குலயும் ஆகலாம், அவங்களும் சம்பளம் இல்லாம செய்றவங்க தான். இதுல தெரிஞ்சுக்க வேண்டியது, நியூவுக்கு பைனரியோட (பில்ட் பண்ணின பேக்கேஜோட) ஏத்தணும், டெவலப்மென்ட் நடக்குற அன்ஸ்டேபிளுக்கு வந்ததும் சோர்ஸ் மட்டும் வச்சு இன்னொரு தடவை ஏத்தணும், அப்போ தான் அடுத்த ரிலீஸா தயாராகுற டெஸ்டிங்குக்கு நகரும். டெபியன்லேருந்து உபுண்டு, ராஸ்பெர்ரி பைன்னு தானா பரவும்.

ஆரம்பிக்கணும்னா புது லைப்ரரி தேட வேண்டாம். டெவ்ஸ்கிரிப்ட்ஸ் பேக்கேஜ போட்டு டபிள்யூஎன்பிபி-அலர்ட் ஓட்டுங்க, உங்க மெஷின்ல இருக்குறதுல எதெல்லாம் பாத்துக்க ஆளில்லாம நிக்குதுன்னு லிஸ்ட் வரும். அதுல நீங்க தினமும் இம்போர்ட் பண்றது ஏதாவது இருந்தா அத எடுத்துக்கோங்க.