ஜூலை வெயிலில் 10 கிலோமீட்டர் வேகநடை

ஏழாவது கிலோமீட்டருக்குப் பிறகுதான் வேகநடைக்காரருக்குப் பந்தயம் களைகட்டும். தொடக்கத்தில் துள்ளிக்கொண்டு முன்னால் ஓடியவர்கள் அதற்குள் வெயிலில் வாடி, நாலு எட்டு ஓடுவதும் நாற்பது எட்டு தள்ளாடுவதுமாக இருப்பார்கள். மணிக்கு 7 கி.மீ. வேகத்தில் தாளம் தப்பாமல் வருகிறவர் அவர்களை ஒவ்வொருவராகத் தாண்டுவார். குளிர்காலப் பந்தயங்களில் இது அவ்வளவாக நடக்காது. பவர் வாக்கிங் எனப்படும் இந்த வேகநடையைச் செய்கிறவர்கள் கோடைப் பந்தயங்களைத் தேடிப் பெயர் கொடுப்பதற்கு இந்தக் கடைசி 3 கிலோமீட்டர்தான் காரணம்.

இதற்கு அருமையான களம் அமெரிக்காவின் அட்லாண்டா நகரம். ஆண்டுதோறும் ஜூலை 4 அன்று அங்கே பீச்ட்ரீ ரோடு ரேஸ் நடக்கிறது. தூரம் 10 கி.மீ. முதல் பந்தயம் நடந்த 1970-இல் முடித்தவர்கள் 110 பேர். இன்று பல்லாயிரம் பேர் கலந்துகொள்கிறார்கள். அந்த முதல் ஆண்டில் வென்ற ஜெஃப் காலோவே, ஓட்டத்துக்கு நடுவே நடையைக் கணக்குப் போட்டுச் சேர்க்கும் பயிற்சி முறையைப் பிற்காலத்தில் உலகெங்கும் பரப்பினார். நடப்பவர்களுக்கு இந்தப் பந்தயத்தில் உரிய இடம் உண்டு. ஆட்களை ஒரே நேரத்தில் கிளப்பாமல், குழு குழுவாக, அலை அலையாகத்தான் அனுப்புவார்கள். நடப்பவர்கள் பின்வரிசை அலைகளில்.

பின்வரிசை என்பதில் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. முதல் அலைக்கும் கடைசி அலைக்கும் ஒரு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி. முன்னணி ஓட்டக்காரர் அரை மணியில் முடித்து நிழலில் உட்கார்ந்துவிடுவார். நீங்களோ அதற்கும் பிறகு கிளம்பி, ஒன்றரை மணி நேரம் வெயிலில் இருப்பீர்கள். கிளம்ப நேரமாகிறதே என்ற பதற்றம் மட்டும் வேண்டாம். உங்கள் நேரம், உங்களிடம் இருக்கும் நேரக்கணிப்பு சிப் தொடக்கக் கோட்டில் பதிவாகும்போதுதான் ஆரம்பிக்கிறது. தயாரிப்பு முழுவதையும் வெயிலை வைத்துத் திட்டமிடுங்கள்.

முதலில் நடையைப் பார்ப்போம். ஒலிம்பிக் நடைப்பந்தயத்தில், பாதம் தரையைத் தொட்டதிலிருந்து உடல் அதற்கு நேர் மேலே வரும்வரை முழங்கால் மடங்கக் கூடாது. பவர் வாக்கிங்கில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. ஏதாவது ஒரு பாதம் எப்போதும் தரையில் இருந்தால் போதும். மணிக்கு ஏறக்குறைய 7 கி.மீ. தாண்டும்போது கால் தானாகவே ஓடப் பார்க்கும், ஏனென்றால் அதற்கு மேல் நடப்பதைவிட மெதுவாக ஓடுவது உடலுக்குச் செலவு குறைவு. அந்த இழுப்புக்கு இடம் கொடுக்காமல் நடையிலேயே நிற்பதுதான் இந்த விளையாட்டின் சுவை. நடப்பது சோம்பேறிகளின் வழி என்று நினைப்பவர்கள் அந்த வேகத்தில் 15 நிமிடம் நடந்து பார்க்கட்டும்.

வேகம் காலடியின் நீளத்தில் இல்லை, எண்ணிக்கையில் இருக்கிறது. நிமிடத்துக்கு 145 காலடி, ஒவ்வொன்றும் 80 செ.மீ. என்றால் மணிக்குக் கிட்டத்தட்ட 7 கி.மீ.; 10 கி.மீ. முடிக்க 86 நிமிடம். புதிதாக வருகிறவர்கள் செய்யும் தவறு காலை நீட்டி வைப்பது. குதிகால் உடலுக்கு வெகு முன்னால் போய் விழும். ஒவ்வொரு அடியும் பிரேக் போட்டதுபோல் ஆகும். முன்பாதம் தரையில் பட்டென்று அறையும். அப்படி அறையாமல் பாதத்தைப் பிடித்து இறக்குவது முழங்காலுக்குக் கீழே, எலும்பை ஒட்டி முன்பக்கம் இருக்கும் தசை. இரண்டே கிலோமீட்டரில் அது நெருப்பாக எரிய ஆரம்பிக்கும். அப்போது காலடியை ஒரு சாண் குறைத்து, எண்ணிக்கையைக் கூட்டுங்கள். உந்தல் பின்னால் இருக்கும் காலின் விரல் நுனியிலிருந்து வரவேண்டும். அந்தத் தசையை வலுவாக்க, சுவரில் முதுகைச் சாய்த்து நின்று, குதிகாலை ஊன்றியபடி விரல்களை மேலே தூக்கி இறக்குங்கள்: 15 தடவை, 3 சுற்று, ஒன்றுவிட்டு ஒரு நாள்.

கைகளை மறக்காதீர்கள். முழங்கை 90 டிகிரி மடங்கியிருக்கட்டும். கை பின்னால் போகும்போது விரல்கள் இடுப்பை உரச வேண்டும். முன்னால் வரும்போது நெஞ்சு உயரத்தைத் தாண்டக் கூடாது, உடலின் நடுக்கோட்டைக் குறுக்கே வெட்டவும் கூடாது. கையை வேகமாக வீசினால் கால் அதற்கு ஈடுகொடுத்தே தீரும். கடைசி கிலோமீட்டரில் கால் கேட்காதபோது கையைத்தான் விரட்ட வேண்டும். கையைத் தொங்கவிட்டு நடந்தால் வெயிலில் விரல்கள் வீங்கும், ஆகவே மோதிரத்தை வீட்டிலேயே கழற்றி வையுங்கள்.

ஷூ வாங்கும்போது கடையிலேயே முன்பாதப் பகுதியை மடக்கிப் பாருங்கள். விரல் மடங்கும் இடத்தில் எளிதாக வளைய வேண்டும். குதிகால் பக்கம் தடித்துப் பின்னால் துருத்திக்கொண்டிருக்கும் ஷூ வேண்டாம், அது முன்பாதத்தை இன்னும் வேகமாகத் தரையில் அறைய வைக்கும். வெப்பத்தில் பாதம் பெருக்கும் என்பதால் பெருவிரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் விடுங்கள். பருத்திக் காலுறை வியர்வையைக் குடித்து ஈரமாகவே இருந்து கொப்புளம் உண்டாக்கும். செயற்கை இழைக் காலுறைதான் சரி. உள்தொடை, அக்குள், பனியன் விளிம்பு படும் இடங்களில் வாசலின் தாராளமாகத் தடவுங்கள். பந்தயத்தன்று புதிதாக எதையும் போடாதீர்கள்.

இனி வெயில். அட்லாண்டாவில் ஜூலை முதல் வாரத்தில் விடியலிலேயே 22, 23 டிகிரி இருக்கும். நடப்பவர்கள் முடிக்கும் நேரத்தில் அது 27, 28-ஐத் தொடும். சென்னைக்காரருக்கு இது ஒன்றுமில்லை என்று தோன்றும். ஆனால் ஆளை வீழ்த்துவது ஈரப்பதம்: வியர்வை ஆவியானால்தான் உடல் குளிரும், சொட்டிக் கீழே விழுந்த வியர்வையால் பயனில்லை. உடல் வெயிலுக்குப் பழக 10 முதல் 14 நாள் ஆகும். ஏசி அறையில் ட்ரெட்மில்லில் மட்டும் பயிற்சி எடுத்தவர் அந்த இரண்டு வாரமாவது தினமும் 40 நிமிடம் வெளியே நடக்க வேண்டும். பந்தயத்தின் வெப்ப எச்சரிக்கைக் கொடிகளையும் கவனியுங்கள்: பச்சை, மஞ்சள், சிவப்பு, கறுப்பு. சிவப்பு பறந்தால் நேர இலக்கை மறந்துவிட்டு வேகத்தைக் குறையுங்கள். கறுப்பு என்றால் பந்தயம் நிறுத்தப்பட்டது.

எவ்வளவு தண்ணீர் குடிப்பது? பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு மணி நேரத்தில் அரைக் கிலோ குறைந்தால் அரை லிட்டர் வியர்த்திருக்கிறீர்கள். அந்த அளவுக்கு மேல் குடிக்க வேண்டியதில்லை. தாகம் எடுக்கும்போது குடித்தால் போதும். நடப்பவர்களுக்கு இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. மெதுவாகப் போகிறவர் பாதையில் அதிக நேரம் இருக்கிறார். வழியில் தண்ணீர் கொடுக்கும் ஒவ்வொரு இடத்திலும் இரண்டு குவளை குடித்தால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். தலைவலி, குமட்டல், குழப்பம் என்று தொடங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். அடுத்த குவளைத் தண்ணீரைத் தலையிலும் கழுத்திலும் ஊற்றிக்கொள்ளுங்கள். தண்ணீர் மேசைகளை வரிசையாகப் போட்டிருந்தால் முதல் மேசையில் நெரிசல் இருக்கும், கடைசி மேசைக்குப் போங்கள். குவளையின் வாயைக் கிள்ளிக் குவித்துக்கொண்டால் நடந்தபடியே சிந்தாமல் குடிக்கலாம். கைக்குட்டையில் ஐஸ் கட்டிகளைச் சுற்றிப் பின்கழுத்தில் கட்டிக்கொள்வதும் நல்ல பலன் தரும். வியர்ப்பது நின்று போனாலோ, உடல் சிலிர்த்தாலோ, வழி தடுமாறினாலோ உடனே மருத்துவக் கூடாரத்துக்குப் போய்விடுங்கள்.

பீச்ட்ரீயின் பாதை ஆசை காட்டி ஏமாற்றும். பக்ஹெட் பகுதியில் கிளம்பியதும் முதல் பாதி பெரும்பாலும் மெல்லிய இறக்கம். வழியில் புனித ஃபிலிப் பேராலயத்தின் முன்னால் பாதிரியார் நின்று, போகிறவர்கள் மேல் புனித நீர் தெளிப்பார்; அந்த வெயிலில் மதம் பாராமல் எல்லோரும் அந்தப் பக்கமாக ஒதுங்குவார்கள். இறக்கம் என்று இங்கே எட்டிப் போட்டவர்கள், பாதி வழியில் ஓடையைத் தாண்டியதும் நிமிர்ந்து நிற்கும் மேட்டில் மாட்டுவார்கள். ஒரு கிலோமீட்டருக்கு மேல் ஏறும் அதற்கு கார்டியாக் ஹில், அதாவது இதய மேடு, என்று பெயர். உச்சியில் ஒரு மருத்துவமனையே இருக்கிறது. ஏறும்போது இடுப்பை மடித்துக் குனியாதீர்கள், கீழ்முதுகு பிடித்துக்கொள்ளும். கணுக்காலிலிருந்து உடல் முழுவதும் ஒரே கோடாகச் சற்று முன்சாயட்டும், காலடி இன்னும் சிறிதாகட்டும், கைவீச்சு கூடட்டும். ஓட்டக்காரர்கள் பலர் இந்த மேட்டில்தான் நடக்கத் தொடங்குவார்கள். நடையை மாற்றவே தேவையில்லாதவர் நீங்கள் ஒருவர்தான்.

பாதை நாகரிகமும் உண்டு. ஓரமாக நடங்கள், இரண்டு பேருக்கு மேல் கைகோத்து வரிசை கட்டாதீர்கள், நிற்க வேண்டுமென்றால் விலகிய பிறகு நில்லுங்கள்.

கோட்டைத் தாண்டியதும் உட்காராதீர்கள். சட்டென்று நின்றால் ரத்தம் காலிலேயே தேங்கித் தலை சுற்றும், ஆகவே 10 நிமிடம் மெதுவாக நடந்துகொண்டே இருங்கள். பீட்மாண்ட் பூங்காவில் சட்டையை வாங்கிக்கொள்ளுங்கள். 1971 முதல் கொடுத்துவரும் சட்டை அது. எந்த ஓவியம் அதில் அச்சாகியிருக்கிறது என்பது பந்தய நாள்வரை ரகசியம். முடித்தவருக்கு மட்டுமே கிடைக்கும். மறுநாள் காலை எழுந்ததும் எங்கே வலிக்கிறது என்று பாருங்கள். முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் வலித்தால் இன்னமும் காலை நீட்டித்தான் வைக்கிறீர்கள். பிட்டமும் பின்தொடையும் வலித்தால் நடை சரியாக விழுந்திருக்கிறது, அடுத்த பந்தயத்துக்குப் பெயர் கொடுக்கலாம்.