தரவுத்தள வகுப்பில் செல்வி

மென்பொருளின் முடிவுகளால் யார் பாதிக்கப்படுகிறார்கள் என்று பார்க்கும் பொறுப்பான கணினியியல்தான் என் ஆய்வுத் துறை என்றால், செயற்கை நுண்ணறிவு நம் வேலையைப் பறித்துவிடுமா என்றுதான் பலரும் கேட்கிறார்கள். நான் ஆராய்வது பெயர்ப் பொருத்தம். ஆதாரில் இருக்கும் பெயரும் வங்கிப் புத்தகத்தில் இருக்கும் பெயரும் ஒரே ஆளுடையதா என்று மென்பொருள் தீர்மானிக்கும் அந்த ஒரு படியில் எத்தனையோ பேருடைய உதவித்தொகை சிக்கி நின்றுவிடுகிறது.

ஒலியில் ஒத்திருக்கும் பெயர்களைக் கண்டுபிடிக்க சவுண்டெக்ஸ் என்று ஒரு முறை உண்டு. ராபர்ட் ரஸல் 1918இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றது. இன்றும் பல தரவுத்தள மென்பொருள்களில் இருக்கிறது. பெயரின் முதல் எழுத்தை அப்படியே வைத்துக்கொண்டு, அடுத்து வரும் மெய்யொலிகளை மூன்று இலக்கங்களாக மாற்றும். செல்வியை ஆங்கிலத்தில் 'எஸ்' போட்டுத் தொடங்கினால் எஸ்410. 'சி', 'எச்' போட்டுத் தொடங்கினால் சி410. முதல் எழுத்து மாறியதுமே இரண்டு பெண்கள் ஆகிவிடுகிறார்கள். கோமதிக்கும் இதே கதிதான்: ஜி530, கே530.

முன்னெழுத்து இதைவிடப் பெரிய தலைவலி. குடும்பப் பெயர் இல்லாத நம்மிடம் 'கடைசிப் பெயர்' கட்டத்தைக் கட்டாயமாக நிரப்பச் சொல்கிறார்கள். வடசென்னையில் கள ஆய்வுக்குப் போன சேவை மையத்தில் ஒரு அம்மாள் பிளாஸ்டிக் உறையிலிருந்து அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். பள்ளிச் சான்றிதழில் அப்பாவின் முன்னெழுத்து, குடும்ப அட்டையில் கணவருடையது, வங்கிப் புத்தகத்தில் கணவரின் முழுப் பெயர். "பெயர் ஒத்துப்போகவில்லை அம்மா" என்றார் கணினி முன் இருந்த இளைஞர். "நான்தானே தம்பி வந்து நிற்கிறேன்?" என்றார் அவர். திரையில் அந்தப் பதிலை உள்ளிட இடமே இல்லை.

கணினி ஆய்வாளர்கள் ஜாய் புவோலம்வினியும் டிம்னிட் கெப்ருவும் 2018இல் வெளியிட்ட ஆய்வை என் மாணவர்கள் எல்லோரையும் படிக்க வைக்கிறேன். முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மென்பொருள்கள் கருநிறப் பெண்களிடம் 34.7 சதவீதம் வரை தவறின. வெளிர்நிற ஆண்களிடம் அதிகபட்சம் 0.8 சதவீதம்தான். சராசரியைப் பார்த்துத் திருப்தி அடையாமல், யாரிடம் தவறுகிறது என்று பிரித்துப் பார்க்க அதில் கற்றுக்கொண்டேன். பெயர்களிலும் அதையே செய்கிறேன்.

"இது கணினி அறிவியலா, சமூகவியலா?" என்று பதவி உயர்வு நேர்காணல்களில் கேட்கிறார்கள். எந்தப் பிழையை ஏற்கலாம், எதை ஏற்கக் கூடாது என்று நிரலில் ஓர் எல்லை எண் எழுதுகிறோம். அதை எழுதுபவர் கணினிப் பொறியாளர்தான். பிறகு இது வேறு யாருடைய பாடம்? கடைசிப் பருவத்தில் ஒப்புக்கு ஒரு அறநெறித் தாள் வைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. தரவுத்தள ஆய்வகத்திலேயே இது வர வேண்டும்.

என் வகுப்பில் அப்படித்தான் நடக்கிறது. பாட்டியின் பெயர் எந்தெந்த அட்டையில் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று குறித்து வரச் சொல்கிறேன் (எழுத்துக்கூட்டு மட்டும், அட்டை எண்ணை யாரும் எடுத்து வரக் கூடாது). அவற்றைப் பொருத்திப் பார்த்து, பொருந்தாதபோது விண்ணப்பத்தை நிராகரிக்காமல் ஒரு மனிதரின் சரிபார்ப்புக்கு அனுப்பும் நிரலை எழுத வேண்டும். சரிபார்ப்பு முடியும்வரை ஏற்கெனவே வரும் பணம் நிற்கக் கூடாது என்பதையும் சேர்த்து, வரும் பருவத்திலிருந்து அதற்கு மதிப்பெண் கொடுக்கப்போகிறேன்.