பகிடி செய்தவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை

2004 டிசம்பர் 3, போபால் விஷவாயுக் கசிவின் 20ஆம் நினைவு நாள். பிபிசி தொலைக்காட்சியில், அந்த ஆலையை நடத்திய யூனியன் கார்பைட் கம்பனியைப் பிறகு வாங்கிய டவ் கெமிக்கலின் பேச்சாளர் என்று ஒருவர் தோன்றினார். முழுப் பொறுப்பையும் ஏற்கிறோம், 12 பில்லியன் டொலர் நட்டஈடு தருகிறோம் என்றார். உண்மையில் அவர் 'யெஸ் மென்' என்ற பகிடிக் குழுவைச் சேர்ந்தவர். அவர்களுடைய போலி இணையத்தளத்தை நம்பி பிபிசியே அழைத்திருந்தது.

குட்டு வெளிப்பட முதலே டவ் பங்கின் விலை சரிந்துவிட்டது. செத்தவர்களுக்கு நியாயம் கிடைக்கப்போகிறது என்று கேட்டதும் முதலீட்டாளர்கள் விற்றார்கள்! எனக்கு வயிறு எரிவது இந்த இடத்தில்தான். அப்புறம் கம்பனியே வாய் திறந்து, நாங்கள் அப்படி ஒன்றும் தரவில்லை என்று உலகத்துக்குச் சொல்ல வேண்டி வந்தது. போபால் மக்களுக்குக் கொஞ்ச நேரம் பொய் நம்பிக்கை கொடுத்தது சரியா என்று கேட்பது நியாயம். ஆனால் என் கோபமெல்லாம் வருடக்கணக்காக இழுத்தடித்தவர்கள் மேல்தான்.

மட்டக்களப்பில் இருக்கிற நமக்கு இது தூரத்துக் கதை இல்லை. புல்லுமலையில் போத்தல் தண்ணீர்த் தொழிற்சாலை வேண்டாம் என்று 2018இல் சனம் ஹர்த்தால் செய்தது. வாகரைப் பக்கம் இல்மனைற் என்ற கனிம மணல் அகழ்வுக்கு எதிராகவும் மக்கள் குரல் கொடுத்தார்கள்.

கல்லடியில் விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் நாடகம் படிக்கிற தம்பி, தங்கச்சிமாரே, இது மந்திரமும் பகிடியும் கலந்த மகிடிக் கூத்து ஆடிய மண். தேர்தல் மேடையில் தந்த வாக்குறுதிகளை ஒரு சொல் மாறாமல் சந்தியில் நடித்துக் காட்டுங்கள். நான் ஆட்களையும் கூட்டிக்கொண்டு வருவேன்.