அப்புறம்னா எப்ப மேடம்?

பலகையில் இருந்த அந்த ஒரு வரியை நான் அழிக்காமல் விட்டிருக்கலாம்.

மூன்றாம் ஆண்டு அரசியல் அறிவியல் வகுப்பு. பாடம், ஈரான்–ஈராக் போர். வெறுமனே நடத்தினால் மனதில் நிற்காது என்று பாதிப் பேரை ஈரான், பாதிப் பேரை ஈராக் என்று பிரித்தேன். நடுவில் நான், ஐ.நா. பொதுச்செயலாளர். இரண்டு பீரியடுக்குள் போர்நிறுத்த உடன்பாடு எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஈரானுக்காகப் பேசியவன் கடலூர்ப் பக்கம் ஒரு மீனவர் வீட்டுப் பையன். வகுப்பில் அதிகம் வாய் திறக்காதவன், அன்று எழுந்து வந்து சாக்பீஸை வாங்கி முதல் வரியாக எழுதினான்: 'போரை ஆரம்பித்தது யார் என்று முதலில் சொல்ல வேண்டும்.'

ஈராக் பக்கம் ஒத்துக்கொள்ளவில்லை. அந்த ஒரு வரியிலேயே அரை மணி நேரம் போய்விட்டது. "அதை அப்புறம் பார்த்துக்கலாம்ப்பா, முதல்ல சுடுறதை நிறுத்துவோம்" என்று டஸ்டரை எடுத்தேன்.

"அப்புறம்னா எப்ப மேடம்?"

"அதுக்கு ஒரு கமிட்டி போடுவாங்க."

மணி அடிப்பதற்குள் கையெழுத்தாகிவிட்டது. எல்லோரும் கை தட்டினார்கள். அவன் தட்டினானா என்று நான் பார்க்கவில்லை.

என் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. 1980 செப்டம்பர் 22 அன்று ஈராக் படை எல்லை தாண்டியது. ஆறாவது நாள் ஐ.நா. பாதுகாப்பு சபை 479ஆம் தீர்மானம் போட்டு, இருவரும் சண்டையை நிறுத்துங்கள் என்றது. புகுந்த படை திரும்பிப் போகட்டும் என்று ஒரு வார்த்தை அதில் இல்லை. ஈரான் மறுத்துவிட்டது. 1982 மே மாதம், ஈராக் பிடித்து வைத்திருந்த தன் துறைமுக நகரமான கோரம்ஷாரை ஈரான் மீட்டபோது நிலைமை தலைகீழானது. இப்போது ஈராக் நிறுத்தத் தயார், ஈரான் தயாரில்லை. தோற்கிறவனுக்கு உடனே நிறுத்த வேண்டும், ஜெயிக்கிறவனுக்கு இன்னும் கொஞ்ச நாள் வேண்டும். இரண்டு பேருக்கும் ஒரே நாளில் அந்த எண்ணம் வருவதில்லை. நடுவில் நிற்பவரின் கஷ்டமெல்லாம் அதில்தான் இருக்கிறது.

1987 ஜூலை 20 அன்று வந்த 598ஆம் தீர்மானம் இதற்கு ஒரு வழி பார்த்தது. பொறுப்பு யாருடையது என்பதை ஆறாவது பத்தியில் வைத்தது. பாரபட்சமற்ற ஒரு குழுவிடம் விசாரணையை ஒப்படைப்பது பற்றிப் பொதுச்செயலாளர் இருதரப்போடும் பேசிப் பார்க்கட்டும் என்று பட்டும் படாமல் எழுதினார்கள். நிறுத்துவதென்றால் முதலில் இதற்குப் பதில் வேண்டும் என்று ஈரான் ஒரு வருடம் இழுத்தது. ஈராக்கில் குர்து மக்கள் வாழும் ஹலப்ஜாவில் விஷவாயு விழுந்தது அந்த ஒரு வருடத்தில்தான். கடைசியில் நஞ்சு குடிப்பது போல என்று சொல்லித்தான் ஈரானின் தலைவர் கொமேனி ஒத்துக்கொண்டார். 1988 ஆகஸ்ட் 20 அன்று சண்டை நின்றது. அதனால்தான் அழித்தேன். இப்போது கேட்டாலும் இதைத்தான் சொல்வேன். ஆனால் சொல்லும்போது குரல் அன்றுபோல் வராது.

அடுத்த வருடம் அவன் ஊருக்கும் பக்கத்து ஊருக்கும், மீன்கூட்டத்தையே மொத்தமாக வளைத்து அள்ளும் சுருக்குமடி வலையால் கடலிலேயே சண்டை. அவன் அண்ணனுக்கு வலது மணிக்கட்டில் வெட்டு. அதிகாரிகள் முன்னிலையில் இரண்டு ஊர்ப் பஞ்சாயத்தாரும் உட்கார்ந்து பேசி முடித்தார்கள். கான்வகேஷனுக்கு வந்தவன் செல்போனில் அந்தத் தாளைக் காட்டினான். இரண்டு விரலால் பெரிதாக்கி மூன்றாவது வரியில் நிறுத்தினான். நடந்தவை குறித்து இனி எந்தப் பிரச்சினையும் செய்ய மாட்டோம் என்று இருந்தது. கீழே கையெழுத்துகளுக்கு நடுவே ஒன்று மட்டும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுதியது போலக் கோணல்மாணலாக இருந்தது. "அண்ணன் மேடம். இடது கையால போட்டான்."

அப்புறம் கேட்டான். "அந்த ஈரான் கேஸ்ல, யாரு ஆரம்பிச்சதுன்னு கடைசியில சொன்னாங்களா மேடம்?"

"சொன்னாங்கப்பா. சண்டை நின்னு, அதைச் சொல்ல மூணு வருஷம் ஆச்சு."

அவன் முகம் கொஞ்சம் தெளிந்தது. "அப்ப சொல்லுவாங்க" என்றான்.

நான் சொன்னது பொய்யில்லை. 1991 டிசம்பர் 9 அன்று பொதுச்செயலாளர் பெரெஸ் டி குயெயர், ஈராக்கின் தாக்குதலே காரணம் என்று அறிக்கை கொடுத்தார். ஆனால் அதற்கு முந்தைய வருடம் ஈராக் குவைத்துக்குள் புகுந்து, 1991 பிப்ரவரியில் அடி வாங்கி வெளியேறி, உலகத்துக்கே ஆகாத நாடாகியிருந்தது. அதைக் குற்றவாளி என்று சொல்வதில் அப்போது யாருக்கும் நஷ்டமில்லை. இதையும் நான் வகுப்பில் நடத்துகிறவள்தான். அவனிடம் மட்டும் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை? பெரியவர்களுக்குத் தோதுப்படும் நாளில்தான் உண்மை வெளியே வரும் என்று அந்தப் பையனிடம் எப்படிச் சொல்வது? அவன் ஊருக்குப் போய் இதைச் சொல்லி, மறுபடி யாராவது அரிவாளைத் தூக்கினால்? இப்படி ஒரு பக்கம் நினைக்கிறேன். இன்னொரு பக்கம், மூன்று வருடம் என்று கணக்குச் சொல்லி அவனைக் காத்திருக்க வைத்துவிட்டேனே என்று இருக்கிறது. அன்று கமிட்டி போடுவாங்க என்றேன், இன்று மூணு வருஷம் என்றேன். இரண்டு தடவையும் அவன் வாயை அடைக்கத்தான் பேசியிருக்கிறேனோ?

இப்போதெல்லாம் யாராவது அந்த வரியை எழுதினால் நான் டஸ்டரைத் தொடுவதில்லை. போன முறை இரண்டு பீரியடிலும் உடன்பாடு வரவில்லை. மணி அடித்தது, பிள்ளைகள் சண்டையை அப்படியே விட்டுவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்கள். இதுதான் சரியான பாடமா என்றால், தெரியவில்லை.

அன்று கிளம்பும்போது, அண்ணன் இப்போது கடலுக்குப் போகிறானா என்று கேட்டேன்.

"போறான் மேடம். சண்டையெல்லாம் இல்ல. அந்த ஊர்ப் படகு நிக்கிற பக்கம் மட்டும் போறதில்ல, சுத்திக்கிட்டுப் போறான். டீசல்தான் கூட ஆவுது."