மூன்று தேக்கரண்டி நல்லெண்ணெய்: எடைக்குறைப்பு நாட்குறிப்பு

2025 ஆகஸ்ட் 6, பாளையங்கோட்டை

எண்ணெயையும் தேங்காயையும் அடியோடு நிறுத்தி இன்றோடு பதினேழு நாள் ஆகிறது. 78.2 கிலோவில் தொடங்கிய எடை, முதல் பத்து நாளில் 76.4 கிலோவுக்கு இறங்கி அங்கேயே நிற்கிறது. மதியம் ரசமும் அவித்த சுரைக்காயுமாகச் சாப்பிட்டு எழுந்தால், நான்கு மணிக்கெல்லாம் பசி வயிற்றைக் கிள்ளுகிறது. நேற்று அந்தப் பசியில் ஐந்து கைமுறுக்குகளைத் தின்று முடித்தேன்.

ஆகஸ்ட் 7

மதியச் சோற்றைத் தராசில் வைத்துப் பார்த்தேன்: 420 கிராம். அதில் ஏறத்தாழ 550 கலோரி இருக்கிறது. புரதமோ 11 கிராம்தான். கொழுப்புக்குக் கிராமுக்கு 9 கலோரி, மாவுச்சத்துக்கும் புரதத்துக்கும் 4 கலோரி என்ற ஒரே கணக்கைப் பிடித்துக்கொண்டு எண்ணெயை விரட்டிய நான், தட்டில் குவிந்திருந்த சோற்றைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. கொழுப்பு இரைப்பையிலிருந்து உணவு இறங்குவதைத் தாமதப்படுத்துவதால்தான் பசி அடங்கி நிற்கிறது; வைட்டமின் ஏ, டி, ஈ, கே நான்கும் கொழுப்பில் கரைந்தே உடலில் சேர்கின்றன. எண்ணெயே இல்லாமல் அவித்த முருங்கைக்கீரையில் உள்ள, உடலில் வைட்டமின் ஏ ஆக மாறும் கரோட்டின் எனக்கு எவ்வளவு பயன்பட்டிருக்கும்? அதைவிடக் கவலை தந்த செய்தி, கொழுப்பு உள்ளே வந்தால்தான் பித்தப்பை நன்கு சுருங்கிப் பித்தநீரை வெளியேற்றும் என்பதும், கொழுப்பை விலக்கி வேகமாக இளைப்பவர்களுக்குப் பித்தக்கல் உருவாகும் வாய்ப்பு கூடும் என்பதும் ஆகும்.

ஆகஸ்ட் 9

உணவியல் ஆலோசகர் எனக்கு நாளொன்றுக்கு 1,600 கலோரி என்று வகுத்துத் தந்தார். மொத்தக் கலோரியில் கொழுப்பின் பங்கு 30 விழுக்காட்டைத் தாண்ட வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். எனக்கு அது 53 கிராம். அதற்குள் நிறைவுற்ற கொழுப்பு மொத்தக் கலோரியில் 10 விழுக்காட்டுக்குள், அதாவது 17 கிராமுக்குள் நிற்க வேண்டும். தேங்காய் எண்ணெயில் பத்தில் ஒன்பது பங்கு நிறைவுற்ற கொழுப்பு. நல்லெண்ணெயில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கே. ஆகவே தாளிப்பு நல்லெண்ணெய்க்கு மாறியது.

எங்கள் வீட்டில் நான்கு பேருக்கு மாதம் மூன்று லிட்டர் எண்ணெய் செலவாகிறது. தலைக்கு நாளொன்றுக்கு 25 மில்லி, அதாவது 200 கலோரிக்கு மேல். இன்று காலை மூன்று தேக்கரண்டி, 15 மில்லி, ஒரு பித்தளைக் கிண்ணியில் அளந்து வைத்தேன். அடியில் பொன்னிறமாக, விரல் நகம் நனையும் ஆழத்துக்குக் கிடந்தது. தோசைக்கு ஒன்று, தாளிதத்துக்கு ஒன்று, மிஞ்சிய ஒன்று மாலைக்கு.

ஆகஸ்ட் 14

புரதந்தான் கடினம். சாதாரணமாகவே நாளொன்றுக்கு எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் வேண்டும்; எனக்கு அது 63 கிராம். இளைக்கும்போது தசை கரையாமலிருக்க அதைவிடச் சற்றுக் கூடுதலாக வேண்டும் என்பதால், 75 கிராமை இலக்காக வைத்திருக்கிறேன். உளுந்தம்பருப்புச் சோற்றுக்கு இரண்டு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு தொலி உளுந்து போடுவது எங்கள் வீட்டு வழக்கம். இன்று அரிசியும் உளுந்தும் சரிபாதியாகப் போட்டேன். 50 கிராம் உளுந்தில் 12 கிராம் புரதம் கிடைக்கிறது. பூண்டும் வெந்தயமும் மணக்க, எள்ளுத் துவையலோடு சாப்பிட்டதில் ஏழு மணி வரை பசியே இல்லை. எள்ளில் பாதி கொழுப்பு என்பதால் துவையல் ஒரு தேக்கரண்டியோடு நின்றது. நிலக்கடலையையும் புரதம் என்று மட்டும் எண்ணிக் கை நிறைய அள்ளக் கூடாது. அதிலும் ஏறத்தாழப் பாதி கொழுப்பே.

ஆகஸ்ட் 30

உறவில் மறுவீட்டு விருந்து. மறுவீடு என்றால் சொதி இல்லாமல் இராது. முதல் தேங்காய்ப்பால் ஊற்றி இறக்கிய சொதியை விலக்க மனம் வரவில்லை, விலக்கவும் தேவையில்லை. கால்தட்டுச் சோறு, ஒரு கரண்டி சொதி, அதிலிருந்த முருங்கைக்காயும் பீன்சும் கூடுதலாக, தொட்டுக்கொள்ள இஞ்சித் துவையல். உருளைக்கிழங்கு வறுவலைத் தவிர்த்தேன். “ஏன் மதினி இப்படிக் கொறிக்கிய? இன்னும் ரெண்டு கரண்டி ஊத்துதேன்” என்று பரிமாறியவள் வற்புறுத்தியபோது, மோர் கேட்டு வாங்கிக் குடித்தேன். அன்றைய கிண்ணி எண்ணெயைத் தொடவில்லை.

செப்டம்பர் 14

74.3 கிலோ. வேகம் குறைவுதான், ஆனால் பசியோடு படுக்கும் இரவுகள் இல்லை. மாலை வடைக்குப் பதில் தட்டைப்பயறுச் சுண்டல் நிலைத்துவிட்டது. சர்க்கரை நோய் உள்ள என் மாமியார் நேற்று என் தட்டையும் தன் தட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தனக்கும் சோற்றைக் குறைத்துப் பயறு கூட்டி வைக்கச் சொன்னார். அவர் மருந்து எடுப்பவர் என்பதால் முதலில் மருத்துவரிடம் கேட்க வேண்டும். அதன் பின் இரண்டாவது கிண்ணி ஒன்றைத் தேடி எடுக்க வேண்டும்.