2023 ஆகஸ்ட்: ரிசல்ட் வரியில் அடங்காதவை

ஆஸ்திரேலியாவில் மகளிர் கால்பந்து உலகக் கோப்பை இறுதி, புடாபெஸ்டில் உலகத் தடகளம், பாகூவில் செஸ் உலகக் கோப்பை, கோபன்ஹேகனில் உலக பேட்மின்டன், சென்னையில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை ஹாக்கி. எல்லாம் ஒரே மாதத்தில். முடிவுகள் ஒற்றை வரிகளாக வந்து போய்விட்டன. அந்த வரிக்குப் பின்னால் என்ன விதி இருக்கிறது என்று தெரிந்தால்தான் யார் எங்கே பிடித்தார், யார் எங்கே கோட்டைவிட்டார் என்பது பிடிபடும்.

ஆகஸ்ட் 20, புடாபெஸ்ட், ஆண்கள் 100 மீட்டர். நோவா லைல்ஸ் 9.83 விநாடி, தங்கம். அடுத்த மூன்று பேருக்கும் பட்டியலில் ஒரே நேரம்: 9.88. வெள்ளி யாருக்கு, வெண்கலம் யாருக்கு, யாருக்கு வெறுங்கை என்பதை ஆயிரத்தில் ஒரு பங்கு முடிவு செய்தது. டெபோகோ 9.873, ஹியூஸ் 9.874, செவில் 9.877. பள்ளிக்கூடக் கணக்குப்படி பார்த்தால் முதல் இரண்டும் 9.87 ஆகியிருக்க வேண்டும். தடகளத்தில் அப்படி இல்லை. ஆயிரத்தின் இலக்கம் பூஜ்யமாக இல்லாவிட்டால் நேரம் எப்போதும் மேல்நோக்கித்தான் போகும், 9.871 வந்தாலும் 9.88தான். எறிதலிலும் தாண்டுதலிலும் நேர் எதிர்: செ.மீ.க்கு மேல் மிச்சமிருப்பதை வெட்டிவிடுவார்கள். இரண்டிலும் வீரருக்குச் சலுகை கிடையாது.

கோட்டைத் தாண்டும் கணத்தைப் பிடிக்கும் போட்டோ ஃபினிஷ் படத்தில் பார்ப்பது உடம்பின் நடுப்பகுதியை (தலை, கை, கால் நீங்கிய உடலை) மட்டும். தலையோ கையோ முதலில் கோட்டைத் தொட்டுப் பயனில்லை. கடைசிக் காலடியில் நெஞ்சை முன்னால் தள்ளுவது அதனால்தான். இரண்டு காலடி முன்னதாகவே சாய்ந்துவிட்டால் கால் வீச்சு குறைந்து, இருந்ததும் போய்விடும்.

பெண்கள் 100 மீட்டரில் ஷாகேரி ரிச்சர்ட்சன் தன் அரையிறுதியில் மூன்றாவதாக வந்தவர். ஒவ்வோர் அரையிறுதியிலும் முதல் இருவர் நேராக இறுதிக்குப் போவார்கள். மிச்சமுள்ள இரண்டு இடம், நேரத்தில் அடுத்த இருவருக்கு. அப்படி உள்ளே வருபவர்களுக்கு ஓரத்து லேன்தான். அவருக்குக் கிடைத்தது ஒன்பது. நேர் ஓட்டத்தில் ஓர லேனால் தூரம் கூடுவதில்லை. ஆனால் முக்கியப் போட்டியாளர்கள் பக்கத்தில் இல்லாததால் யார் எங்கே ஓடுகிறார்கள் என்று தெரியாது. 10.65, உலகப் போட்டியில் அதுவரை யாரும் ஓடாத நேரம்.

நம்மவர்கள் விஷயத்துக்கு வருவோம். ஈட்டி எறிதல் இறுதியில் பன்னிரண்டு பேர். அன்றைய விதிப்படி எல்லோருக்கும் மூன்று வாய்ப்பு, பிறகு முதல் எட்டுப் பேருக்கு மட்டும் இன்னும் மூன்று. நீரஜ் சோப்ராவின் முதல் எறி ஃபவுல். இரண்டாவது 88.17 மீட்டர், அதற்குப் பிறகு யாராலும் அதைத் தொட முடியவில்லை. பாகிஸ்தானின் அர்ஷத் நதீம் 87.82, செக் வீரர் யாகூப் வட்லெய்ச் 86.67. ஆறு எறியில் ஒன்று நன்றாக விழுந்தால் போதும், மற்றவை கணக்கில் வராது என்பதால் முதல் ஃபவுல் பெரிய நஷ்டமில்லை. மூன்றும் ஃபவுல் ஆனால்தான் கதை முடியும். உலகத் தடகளத்தில் இந்தியாவுக்கு இதுதான் முதல் தங்கம். அதைவிட எனக்குப் பெரிதாகப்படுவது, கிஷோர் ஜெனா (84.77) ஐந்தாவது, டி.பி. மனு (84.14) ஆறாவது என்று முதல் எட்டில் மூன்று இந்தியர்கள் இருந்தது.

4x400 தொடர் ஓட்டத்தில் அனஸ், அமோஜ் ஜேக்கப், அஜ்மல், ராஜேஷ் ரமேஷ் தகுதிச் சுற்றில் 2:59.05 ஓடினார்கள். அப்போது அது ஆசிய சாதனை. இறுதியில் 2:59.92, ஐந்தாம் இடம். இந்த ஓட்டத்தில் ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்குக் கோல் (பேட்டன்) மாற்றும் இடம் 20 மீட்டர்தான். அந்த எல்லைக்குள் இருக்க வேண்டியது கோல். ஆளின் கால் எங்கே இருக்கிறது என்பது கேள்வியே இல்லை. அமெரிக்கப் பெண்கள் அணி தகுதிச் சுற்றில் முதலாவதாக வந்தும் எல்லை தாண்டிக் கோல் மாறியதால் நீக்கப்பட்டது. அவரவர் லேனில் ஓடும் பகுதி முடிந்த பிறகு, வரும் ஓட்டக்காரர்கள் 200 மீட்டர் முன்னால் எந்த வரிசையில் இருக்கிறார்களோ அதே வரிசையில்தான் அடுத்தவர்கள் நிற்க வேண்டும். நடுவில் ஒருவர் முந்திவிட்டாலும் இடம் மாறக்கூடாது. கடைசி வளைவில் நடக்கும் தள்ளுமுள்ளில் பாதி இதனால் வருவது.

கோலைக் கையில் வைத்தபடியே கோட்டைத் தாண்ட வேண்டும் என்ற விதிக்கு விலை கொடுத்தவர் நெதர்லாந்தின் ஃபெம்கே போல். முதல் நாள் கலப்புத் தொடர் ஓட்டத்தில் கோட்டுக்குச் சில எட்டு முன்னால் விழுந்தார், கோல் உருண்டுவிட்டது. கடைசி நாள் பெண்கள் தொடர் ஓட்டத்தில் அதே மாதிரி கடைசி சில மீட்டரில் ஜமைக்காவைப் பிடித்தார்: 3:20.72க்கு எதிராக 3:20.88.

கால்பந்தில் ஸ்பெயின் 1, இங்கிலாந்து 0. 29-ஆவது நிமிடத்தில் ஓல்கா கார்மோனா. குழுச் சுற்றில் ஜப்பானிடம் 0-4 என்று உதை வாங்கிய அதே ஸ்பெயின். ஆனால் இந்தத் தொடரின் மிகச் சிறிய இடைவெளி ஆகஸ்ட் 6 அன்று வந்தது. ஸ்வீடன்-அமெரிக்கா, 0-0, பெனால்டி ஷூட் அவுட். ஸ்வீடனின் ஹுர்ட்டிக் அடித்ததை அமெரிக்க கோல்கீப்பர் அலிசா நேயர் தட்டிவிட்டார், பந்து மேலே எழும்பிப் பின்னால் சுழன்றது, மறுபடியும் தட்டி வெளியே தள்ளினார். கோல்கீப்பர் தொட்டதோடு பந்து செத்துவிடாது. முழுப் பந்தும் முழுக் கோட்டைத் தாண்டிவிட்டதா என்பதுதான் கேள்வி. கேமராக்கள் தாண்டிவிட்டது என்றன, அதுவும் மில்லிமீட்டர் கணக்கில். 5-4, அமெரிக்கா வெளியே.

சென்னையில் இந்தியா-மலேசியா ஹாக்கி இறுதி: இடைவேளையில் மலேசியா 3-1 என்று முன்னிலை. மூன்றாம் கால்பகுதி முடியும் 45-ஆவது நிமிடத்தில் ஹர்மன்பிரீத் ஒன்று, குர்ஜந்த் ஒன்று. ஒரே நிமிடத்துக்குள் 3-3. ஆகாஷ்தீப் 56-ஆவது நிமிடத்தில் நான்காவது.

பேட்மின்டனில் பிரணாய் காலிறுதியில் டென்மார்க்கின் ஆக்சல்சனை அவர் நாட்டிலேயே 13-21, 21-15, 21-16 என்று வென்று வெண்கலம் வாங்கினார். அரையிறுதியில் தோற்றவருக்கு எப்படிப் பதக்கம் என்று கேட்பவர்களுக்கு: அங்கே மூன்றாம் இடத்துக்குத் தனி ஆட்டம் இல்லை, இருவருக்கும் வெண்கலம். ஃபார்முலா 1இல் கதை வேறு. நெதர்லாந்தின் ஸாண்ட்ஃபோர்ட்டில் நடந்த கார் பந்தயத்தில் பெரெஸ் மூன்றாவதாகக் கோட்டைத் தாண்டினார். டயர் மாற்ற ஒதுங்கும் பிட் பாதையில் வேகம் மீறியதற்கு 5 விநாடி கூட்டியதும் அந்த இடம் கேஸ்லிக்குப் போனது. வெர்ஸ்டாப்பனுக்குத் தொடர்ச்சியாக ஒன்பதாவது வெற்றி. வெட்டலின் சாதனையைத் தொட்டார்.

பாகூ. பிரக்ஞானந்தா-கார்ல்சன் இறுதி, 1½-2½ என்று அச்சானது. இதில் இரண்டு கிளாசிக்கல் (நீண்ட நேர) ஆட்டமும் டிரா. அடுத்தது ரேபிட்: ஆளுக்கு 25 நிமிடம், ஒவ்வொரு நகர்த்தலுக்கும் 10 விநாடி கூடுதல். முதல் ரேபிட்டில் வெள்ளைக் காய் பிரக்ஞானந்தாவுக்கு. கார்ல்சன் கறுப்பில் ஜெயித்தார். அதோடு கணக்கு மாறிவிட்டது. அடுத்த ஆட்டத்தில் கார்ல்சனுக்கு அரைப் புள்ளி போதும், அதுவும் வெள்ளைக் காயோடு. வாய்ப்பே கொடுக்காமல் சீக்கிரம் டிராவுக்குக் கொண்டுபோய்விட்டார். நான்கு ஆட்டத்தில் முடிவு வந்தது ஒன்றில் மட்டும்.

உலக சாம்பியனோடு மோதப் போகிறவரைத் தேர்ந்தெடுக்கும் கேண்டிடேட்ஸ் போட்டிக்கு இந்தத் தொடரிலிருந்து மூன்று இடம். கார்ல்சன் அங்கே ஆட விரும்பவில்லை. அதனால் இரண்டாவது வந்த பிரக்ஞானந்தாவோடும் மூன்றாவது வந்த கருவானாவோடும், நான்காவது வந்த அபாசோவும் அது நடந்த டொராண்டோவுக்கு டிக்கெட் வாங்கினார்.